ரப்பர் பால் பூசிய விளக்கு

என் தம்பி அர்ச்சுனனைப் பற்றி நல்லதாகச் சொல் என்கிறார்கள். நடந்ததைத்தான் சொல்வேன். நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவள் அப்படியே எழுதட்டும்.

மலேசியாவில், பீடோர் பக்கத்துத் தோட்டத்தில், ரப்பர் பால் ஸ்டோரில், முப்பது வருஷம் வேலை செய்தவன். தோட்டம் கைமாறியதும் ஈப்போ பக்கம் சிலிபினுக்குக் குடிவந்தோம். அவன் பெண்சாதி நாகம்மைக்கு இனிப்புநீர், சர்க்கரை வியாதி. அது அவள் கண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றது. கடைசியில் அவளுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: கூடத்து மீன் தொட்டி. மூடிக்குள் நீளமாக எரியும் குழல்விளக்கும், கீழே நிழலாக அலையும் சிவப்பு லோஹான் மீனும். சாயங்காலம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு தண்ணீரில் கை விடுவாள். அது வந்து புடைத்த நெற்றியால் முட்டும். "வந்துட்டான்" என்பாள்.

ஒருநாள் அந்த விளக்கு போய்விட்டது. அர்ச்சுனன் சமையலறை விளக்கைக் கழற்றி மூடிக்குள் ஆணியடித்தான். கீழே தண்ணீராயிற்றே என்று கேட்டேன். அவனிடம் பதில் இருந்தது: ரப்பர். பீடோருக்குப் போய் ஒரு போத்தல் பால் வாங்கி வந்து, விளக்கின் இரண்டு முனையிலும் ஒயர் முடிச்சிலும் காயக் காய மூன்று தடவை பூசினான். அவள் காலடியில் பழைய ரப்பர் ஷீட்டையும் விரித்தான். ரப்பரில் கரண்ட் பாயாது என்பது தோட்டத்தில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. நல்ல வேலை என்று நானும் சொன்னேன். அதை மறைக்க மாட்டேன்.

இரண்டு மாதம் ஓடியது. ஒரு சாயங்காலம் அவள் கையை வெடுக்கென்று இழுத்ததைப் பார்த்துவிட்டு, விடாமல் கேட்டேன்.

"ஒரு வாரமா சுரீர்னு இழுக்குதுக்கா. சொன்னா லைட்ட அணைச்சிருவாருலா."

அர்ச்சுனன் பிளக்கைப் பிடுங்கி மூடியைத் திறந்தான். சோக்கின் சூட்டிலும் தண்ணீர் ஆவியிலும் பூசிய பால் பிசுபிசுத்து உரிந்து தொங்கியது. உள்ளே ஈரம் மின்னியது. விளக்கை அந்தப் பாலோடு அப்படியே கழற்றித் தாளில் சுற்றிவைத்தான்.

மறுநாள் ஈப்போவில் உஸ்மானின் வளர்ப்பு மீன் கடைக்குப் போனோம். உரிந்த பாலைப் பார்த்ததும் அவன் சிரித்தான்.

"தோட்டத்து ஆளுங்களுக்கு ரப்பர்தான் சாமி, இல்லண்ணே?"

நாகம்மையைப் பற்றிச் சொன்னதும் சிரிப்பை நிறுத்திவிட்டான். முனைகளில் தண்ணீர் புகாத உறை போட்ட விளக்கை எடுத்துக் காட்டினான். அந்த உறையும் ரப்பர்தான், ஆனால் இதற்கென்றே செய்தது. சோக்கைத் தொட்டிக்கு வெளியே, சுவரில் மாட்ட வேண்டும். ஒயரைப் பிளக்குக்குக் கீழே தொங்கவிட்டு மேலே கொண்டுபோனால் சொட்டுத் தண்ணீர் தரையில் விழுந்துவிடும். கரண்ட் கசிந்தால் தானே அணையும் பிளக்கு ஒன்றும் வேண்டும். எல்இடியும் காட்டினான். அவளுக்குப் பழகியது அந்த நீள வெளிச்சம் என்று அர்ச்சுனன் மறுத்தான். எல்லாவற்றுக்கும் மேலே, விளக்குக்கும் தண்ணீருக்கும் நடுவில் கண்ணாடி போட்டே ஆக வேண்டுமாம்.

"கண்ணாடி போட்டா அவ எப்படித் தம்பி கைய விடுவா?" என்றான் அர்ச்சுனன்.

"வெளிச்சம் எரியும்போது கை வேணாம்ணே. ரெண்டுல ஒண்ணுதான்."

அர்ச்சுனன் முடிவு சொல்லும்வரை நான் காத்திருக்கவில்லை. வெளிச்சம்தான் என்று நான் முடித்துவிட்டேன். இருக்கிற ஒரே பார்வையை விடுவதா?

எங்கள் தொட்டி அளவுக்கு விளக்கு வரப் பத்து நாள் ஆனது. பத்து நாளும் நாகம்மை இருட்டுத் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

வந்ததும் அர்ச்சுனன் உஸ்மான் சொன்னபடியே எல்லாவற்றையும் மாட்டி, சுவிட்சைப் போட்டான். மீன் தீக்கங்கு மாதிரி சிவந்தது. நாகம்மை அதற்கு நேரே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னும் லைட்டு போடலையாங்க?"

ஒருநாள் பார்வை முழுவதும் போய்விடும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். அந்த நாள் எப்போது வந்துபோனது என்று எங்களுக்குத் தெரியவில்லை. தம்பி என்னைப் பார்த்தான்.

"சாமான் ஒண்ணு வரலம்மா. நாளைக்குப் போட்டுறலாம்."

கட்டினவளிடம் பொய் சொல்லலாமா என்று அடுப்படியில் சண்டை போட்டேன். நாளைக்குச் சொல்கிறேன் என்றான். சொல்லவேயில்லை. அவளும் மறுபடி கேட்கவில்லை. அவளுக்குத் தெரியும் என்றுதான் நான் நினைக்கிறேன்.

இப்போது சாயங்காலமானால் பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கண்ணாடியை எடுத்து வைக்கிறான். அவள் கை விடுகிறாள், மீன் வந்து முட்டுகிறது. அவள் கையை எடுக்கும்வரை, பிடுங்கிய பிளக்கைப் பிடித்தபடி அவன் பக்கத்தில் நிற்கிறான்.