தண்ணீர் வராத போர்

யூடியூபில் ஒரு நிமிட ஷார்ட்ஸ் வீடியோ போட்ட காலத்தில் என் வேலை எளிது. திண்டுக்கல் சுற்றுவட்டாரத்தில் எங்கே போர்வெல் போட்டாலும், துளை போடும் ரிக் வண்டியின் ஆபரேட்டர் ஆரோக்கியம் எனக்கு போன் அடிப்பார். போனைப் பாலிதீன் பையில் சுற்றிக்கொண்டு பைக்கில் ஓடுவேன். புழுதி அடங்கித் தண்ணீர் பீறிடும் அந்த ஒரு நிமிடம் போதும். ஆத்தூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் குடும்பமே சேற்றுத் தண்ணீரில் ஆட, நானும் அவர்களோடு நனைந்து நின்றேன். டீக்கடைக்குப் போனால், "ஏலே, தண்ணி வீடியோ போடுறவன்தானே நீ?" என்பார்கள். அந்த நாட்களை நினைத்தால் இன்றைக்கும் ஏக்கமாகத்தான் இருக்கிறது.

பிறகு ஆளாளுக்கு அதே ஒரு நிமிடத்தை எடுக்க ஆரம்பித்தார்கள். என் ஷார்ட்ஸைச் சீண்ட ஆளில்லை. ஒரு போரை ஆரம்பத்திலிருந்து கடைசிவரை காட்டும் நீள வீடியோவுக்கு மாறினேன். முதலில் அமைந்தது குஜிலியம்பாறையில் பாப்பாத்தி அக்காவின் கடலைக்காடு. அவர் கணவருக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. மேட்டோரம் போடச் சொல்லியிருந்தாராம். அக்காதான் பிடிவாதமாகப் பழைய கிணற்றோரம் துளை போட பாயிண்ட் குறித்து வைத்திருந்தார்.

காலையிலேயே ட்ரைபாடை நிறுத்தி ரெக்கார்டிங்கைப் போட்டுவிட்டேன். ராடு மேல் ராடாக இறங்கியது. வந்ததெல்லாம் வெறும் புழுதி. அக்கா கேமராவுக்கு எதிரே ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தார். பொழுது சாயும்போது ஆரோக்கியம் கம்ப்ரஸரை நிறுத்தினார்.

"இதுக்கு மேல வேணாம்க்கா. ஒரே பாறை."

முதல் நீள வீடியோ போச்சு என்று ட்ரைபாடை மடக்கினேன். அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி வந்தார்.

"என்ன அப்பு, மடக்கிட்ட?"

"தண்ணி வரலையேக்கா. இத எப்படிப் போடுறது?"

"போடு. எடம் சொன்னது நானு. வரலைன்னு அவருகிட்ட எந்த வாயால சொல்லுவேன்? ஒண்ணும் வெட்டாம போடு, அவரே பாத்துக்கிரட்டும். வையிறதுன்னா வையட்டும்."

அப்படியே போட்டேன். அக்கா வீட்டில் என்ன சண்டை வரப்போகிறதோ என்று போனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் சாயங்காலம் அவர் கணவரே என்னைப் போனில் கூப்பிட்டார். பின்னால் பஸ் இரைச்சல்.

"முழுசா பாத்தேன் தம்பி" என்றார். "காலைல இருந்து அவ ஒரு வாய் தண்ணி குடிக்கலையே. யாராச்சும் ஒரு சொம்பு குடுத்திருக்கலாம்ல? ஊருக்குத்தான் வந்துக்கிட்டு இருக்கேன்."

எதிரேயே நின்று எடுத்தவன் நான். எனக்கு அது கண்ணில் படவில்லை. நீள வீடியோ எடுக்க வருகிற தம்பி தங்கைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். கேமராவைப் பாதி நேரமாவது, காத்துக்கொண்டிருப்பவர் பக்கம் திருப்பி வையுங்கள்.