சமையலறை நிலையில் ஒரு கம்பி

எங்கள் வீட்டில் ஏழு வாசல் நிலைகள் இருக்கின்றன. ஒரு சனிக்கிழமை காலை இஞ்ச் டேப்பை எடுத்துக்கொண்டு ஒன்று விடாமல் அளந்தேன். இருபத்து நான்கு வருஷமாக அவற்றின் வழியே போய்வந்தவன், அவை எவ்வளவு குட்டை என்று அன்றுதான் கவனித்தேன். கரமனை அக்கிரகாரத்து வீடுகளைக் கட்டியவர்கள் குள்ளமானவர்களா, அல்லது உள்ளே வருகிறவன் குனிந்துதான் வரவேண்டும் என்று நினைத்தவர்களா, தெரியவில்லை. எந்த நிலையும் என் உயரத்துக்கு இல்லை.

நான் வரவழைத்திருந்தது ஒரு புல்-அப் கம்பி. இரண்டு முனையிலும் ரப்பர் வைத்த இரும்புக் குழாய். நிலையின் இரண்டு கால்களுக்கு நடுவே வைத்துத் திருகினால் நீண்டு, இறுகி, அப்படியே நிற்கும். ஆணி வேண்டாம், துளை வேண்டாம் என்று பெட்டியில் எழுதியிருந்தது. அக்கிரகாரத்து நிலை எப்படி இருக்கும் என்று பெட்டிக்காரனுக்குத் தெரியாது. தெருவாசல் அகலம் அதிகம். குளியலறை நிலை பிளாஸ்டிக். திருகினால் விரிசல் விடும். பூஜை அறைப் பக்கம் டேப்பை நீட்டியபோதே அம்மா கரண்டியோடு வந்து நின்றுவிட்டாள். கடைசியில் சமையலறை நிலைதான் சம்மதித்தது. நல்ல ஆஞ்ஞிலி மரம், யானையைக் கட்டினாலும் அசையாது. கம்பிக்கு மேலே என் தலை போக இடம் வேண்டும் என்பதால் ஐந்தடிக்கும் கொஞ்சம் கீழே பொருத்தினேன். அன்று மாலைக்குள் அப்பா இரண்டு முறை நெற்றியில் இடித்துக்கொண்டார்.

“இந்த ஆத்துல இதுவரைக்கும் நிலைக்குத்தான் குனிஞ்சோம்,” என்றார். “இப்ப உனக்குமா?”

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். பொறியியல் முடித்து இரண்டு வருஷமாக, கண்ணில் பட்ட அரசுத் தேர்வையெல்லாம் எழுதிக்கொண்டிருந்தேன். அதில் தீயணைப்பு வீரர் வேலைக்கான பட்டியலில் மட்டும் என் எண் வந்தது. எங்கள் தெருவில் வங்கிக்காரர்கள் உண்டு, ஆடிட்டர்கள் உண்டு, கோயில் காரியக்காரர்கள் உண்டு. தீயை அணைக்கப் போனவர் யாரும் இல்லை.

“நாம அக்னி வளக்கறவாடா,” என்றாள் அம்மா. “அதை வெள்ளம் விட்டு அணைக்க நம்மாத்துப் புள்ளையா போகணும்?”

“அரசாங்க வேலையாக்கும்,” என்றார் அப்பா. அவரைப் பொறுத்தவரை விவாதம் அதோடு முடிந்தது.

மிச்சம் இருந்தது உடல் தகுதித் தேர்வு. எட்டுப் போட்டிகள், ஏதாவது ஐந்தில் தேறினால் போதும். இரண்டு ஓட்டங்களும் நீளத் தாண்டுதலும் எனக்குப் பிரச்சினையில்லை. உயரத் தாண்டுதல் பள்ளியிலிருந்தே கைவசம். ஆக நான்கு. குண்டு எறிவதும் பந்து வீசுவதும் கயிறு ஏறுவதும் வேறு வகை மனிதர்களுக்கான வேலை என்று ஒதுக்கிவிட்டேன். ஐந்தாவதாக என்னை நோக்கிக் கைநீட்டியது புல்-அப். எட்டு முறை, தாடை கம்பிக்கு மேலே வரவேண்டும். கையில் மூன்று மாதம் இருந்தது. அந்த வாரம் முழுக்க நான் பார்த்த வீடியோக்களை வைத்து ஒரு பட்டப்படிப்பே நடத்தலாம்.

முதல் இடையூறு ஜூன் மழை. அப்பா பூஜைக்குக் கட்டும் மடி வேஷ்டி கொல்லைக் கொடியில் மூன்று நாளாகக் காயவில்லை. நான்காம் நாள் காலை வந்து பார்த்தால், அது என் கம்பியில், அடுப்புச் சூட்டுக்கு வாகாக, நாலாக மடித்துத் தொங்குகிறது. மடித் துணியைக் குளிக்காதவன் தொடக் கூடாது. துணியைத் தொடாமல் கம்பியைத் தொட முடியாது. குளித்துவிட்டு வந்து உடற்பயிற்சி செய்தால் மறுபடி குளிக்கவேண்டும்.

“அம்மா, இது எக்சர்சைஸ் கம்பி.”

“நானும் அதத்தான் சொல்றேன். ஒரு நாழி தொங்கிட்டு நீ எறங்கிடற. வேஷ்டி பாரு, காலம்பறேந்து தொங்கறது.”

தங்கை சிரித்த சிரிப்பில் காபி மூக்கில் ஏறிவிட்டது. அவள் பி.காம். படிக்கிறாள். எனக்கு எண்ணிக்கை சொல்வதும், போனில் படம் எடுப்பதும் அவள் பொறுப்பு. படத்தில் இடுப்புக்கு மேலேதான் வரவேண்டும் என்று சொல்லிவைத்திருந்தேன். பின்னால் தெரியும் ஊறுகாய் ஜாடிகளும் பாதி நனைந்த லுங்கியும் வீரனுக்குப் பொருந்தாது என்பது என் எண்ணம்.

இரண்டாவது இடையூறு வாசற்படி. எங்கள் வீட்டுப் படிகள் அரையடி உயரம், நிலையோடு சேர்ந்த ஒரே மரம். அதை மிதிக்கக் கூடாது, தாண்ட வேண்டும். சமையலறைப் படிக்கு வெள்ளிக்கிழமை தோறும் மஞ்சள் பூசிக் குங்குமம் வைப்பாள் அம்மா. கம்பி தாழ்வாக இருந்ததால் காலை மடக்கிக்கொண்டு, கிட்டத்தட்டக் குத்துக்காலிட்ட நிலையில்தான் தொங்க வேண்டியிருந்தது. கால்விரல் நுனி படியில் லேசாகப் படும்.

“படிய மிதிக்காதடா.”

“மிதிக்கலம்மா. சும்மா பேலன்ஸுக்கு, நுனி மட்டும்.”

“நுனியும் உன் காலோடதுதானே?”

மூட நம்பிக்கையும் உடற்பயிற்சி அறிவியலும் ஒரே வாசலில் சந்தித்தால் இப்படித்தான் இருக்கும் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். புவியீர்ப்பு மையம் பற்றி அவளுக்குக் கொஞ்சம் விளக்கவும் செய்தேன். அவள் ரசத்துக்குத் தாளித்துக்கொண்டே கேட்டாள். வெள்ளிக்கிழமைகளில் மட்டும் கம்பி பக்கம் வரக்கூடாது என்று ஓர் உடன்பாடு ஏற்பட்டது.

முன்னேற்றம் அபாரம். முதல் வாரமே ஆறு. மாத முடிவில் பத்து. இரண்டு மாதத்தில் பதினைந்து, மூச்சு கூட வாங்காமல். தெருப் பையன்களின் வாட்ஸ்அப் குழுவில் தினம் ஒரு வீடியோ போட்டேன். பிடியின் அகலம், தோள்பட்டையின் கோணம், மூச்சை எங்கே விடுவது என்று குரல் பதிவுகளும் அனுப்பினேன். யாரும் கேட்காமலேயே அனுப்பினேன் என்பதையும் சொல்லிவிடவேண்டும். கண்ணாடியில் பார்த்தால் கைகள் பழையபடியே இருந்தன. தொடைதான் பேண்ட்டில் இறுகியது. அதை முழுச் சரீர வளர்ச்சி என்று எடுத்துக்கொண்டேன்.

தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கும்போது, இந்தத் தேர்வுக்குப் பயிற்சி கொடுக்கிற ஒருவரின் மைதானத்துக்குப் போனேன். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர். காலை ஆறு மணிக்கு விசிலோடு நிற்பார். என் பதினைந்தைப் பற்றி முன்கூட்டியே போனில் சொல்லியிருந்தேன். அங்கே கம்பி எட்டடி உயரத்தில் இருந்தது. குதித்துப் பிடித்தேன். கால்கள் காற்றில் தொங்கின. ஒன்று எடுத்தேன். இரண்டாவதை, கழுத்து நரம்பு முழுக்க வெளியே வர, எப்படியோ எடுத்தேன். மூன்றாவதுக்கு உடம்பு கிளம்பவே இல்லை. துவைத்துப் போட்ட துணி போலத் தொங்கினேன்.

விசில்காரர் கீழேயிருந்து என்னை அண்ணாந்து பார்த்து மலையாளத்தில் கேட்டார். “எடோ, பாக்கி பதிமூணு எவிடெ? வீட்டில் வெச்சிட்டாணோ வந்நது?”

வரிசையில் நின்றவர்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள். நான் கம்பியின் தடிமன் வேறு என்றேன். இரவு சரியாகத் தூங்கவில்லை என்றேன். கைவேர்வை என்றேன். “செரி, செரி,” என்று அவர் அடுத்தவனைக் கூப்பிட்டுவிட்டார்.

பஸ்ஸில் வரும்போதே காரணங்களை ஆராய ஆரம்பித்தேன். கம்பியின் தடிமனுக்கு ஆரியசாலைக்குப் போய் ரப்பர் உறை வாங்கிச் சுற்றினேன். வாழைப்பழம் சாப்பிடும் நேரத்தை மாற்றினேன். அப்படியும் மனது ஆறாமல், அந்த வெள்ளிக்கிழமை, அம்மா கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில் உடன்பாட்டை மீறிக் கம்பியைப் பிடித்தேன். பதினைந்து, அநாயாசமாக. ஆக, குறை என்னிடம் இல்லை, மைதானத்துக் கம்பியில்தான் என்று நிரூபித்துவிட்டு, ஃபேனுக்குக் கீழே போய் உட்கார்ந்தேன்.

“அண்ணா, இதென்ன?” என்றாள் தங்கை.

கூடத்துத் தரையில் சமையலறையிலிருந்து என் நாற்காலி வரை மஞ்சளும் சிவப்புமாகத் தடம். காலைத் திருப்பிப் பார்த்தேன். நுனி விரல் மட்டும் பட்டிருந்தால் ஒரு பொட்டு அளவு இருந்திருக்கும். என் இரண்டு பாதங்களிலும் முன்பாதி முழுக்க, ரேகை தெரிய மஞ்சள். அம்மா அன்று காலை பூசியது அப்படியே என் காலுக்கு வந்திருந்தது; படி வெறும் மரமாக நின்றது.

தங்கை கொஞ்ச நேரம் படியைப் பார்த்தாள், கம்பியைப் பார்த்தாள். “இன்னொரு தடவை செய். நான் கால மட்டும் எடுக்கறேன்.”

படத்தில் தலையும் இல்லை, கையும் இல்லை. படியில் ஊன்றிய இரண்டு பாதங்கள், மடங்கி நிமிரும் இரண்டு முழங்கால்கள். பதினைந்து முறை.

“இது புல்-அப் இல்லண்ணா,” என்றாள் அவள். “தோப்புக்கரணம்.”

இரண்டு மாதத்துக்கு மேல், வெள்ளிக்கிழமை தவிர ஒரு நாள் தவறாமல், கம்பியைப் பிடித்துக்கொண்டு தோப்புக்கரணம் போட்டிருக்கிறேன். எப்படிப் போடுவது என்று ஊருக்குக் குரல் பதிவும் அனுப்பியிருக்கிறேன். அந்த வீட்டில் உண்மையைச் சொன்ன ஒரே ஆள் அம்மா. அதையும் அவள் தினமும் சொன்னாள்.

கோயிலிலிருந்து வந்தவள் படியைப் பார்த்தாள், என் காலைப் பார்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். “இனி எத்தனை நாள் இருக்கு?” என்று மட்டும் கேட்டாள்.

“பத்தொம்பது.”

மறுநாள் சனிக்கிழமை. காலையில் போனால் படியின் மேல் அரிசிமாவில் இழைகோலம் போட்டிருந்தாள், ஈரம் காயாமல். “இதுமேல கால் வெச்சயோ, அப்பறம் காபி கெடையாது, கேட்டயா.” அவள் கவலை கோலத்தைப் பற்றியது. ஆனால் அதைவிடக் கறாரான நடுவர் எனக்கு எங்கே கிடைப்பார்? இரண்டு கால்களையும் சமையலறைக்குள் நேராக நீட்டிக்கொண்டு, அரிசி டப்பாவை உதைக்காமல் தொங்கக் கற்றுக்கொண்டேன். முதல் நாள் கணக்கு: ஒன்று. குழுவில் வீடியோ எதுவும் போடவில்லை. “எங்கே மாஷே, இன்னிக்கு கிளாஸ் இல்லையா?” என்று ஒருவன் கேட்டான். வயிற்றுவலி என்று போட்டேன்.

பத்து நாளில் நான்கு. உள்ளங்கை இரண்டிலும் தோல் உரிந்தது. சாதம் பிசைந்தால் எரியும். அம்மா முதலில் கோலத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எப்போதிலிருந்து என்று தெரியவில்லை, சாம்பாரைக் கிளறிக்கொண்டே திரும்பிப் பார்க்காமல் குரல் கொடுக்க ஆரம்பித்தாள்.

“அஞ்சு.”

“ஆறும்மா!”

“தாடை மேல வரல. அஞ்சு.”

“நீ பாக்கவே இல்லியே!”

“முக்கல் பாதியில நின்னுடுத்தே.”

அப்பாவின் மடி வேஷ்டி கூடத்து ஜன்னலுக்கு இடம் மாறியது. யார் மாற்றினார்கள் என்று அப்பாவும் கேட்கவில்லை. தேர்வுக்கு இரண்டு நாள் முன்னால் எட்டு வந்தது. கோலம் கலையவில்லை. அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து, குனிந்து, கோலத்தின் ஓரத்தைக்கூடப் பார்த்துவிட்டுத்தான் ஒப்புக்கொண்டாள்.

தேர்வு நாள் வெயில் நாள். இரண்டு ஓட்டமும் நீளத் தாண்டலும் கணக்குப்படியே நடந்தன. மூன்று கையில். அடுத்தது உயரத் தாண்டுதல். குறுக்குக் கம்பி என் நெஞ்சுக்குக் கொஞ்சம் மேலே. பள்ளியிலிருந்து கைவசம் இருந்த ஒன்று என்பதால், இந்த மூன்று வாரத்தில் அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. நான் காலை நீட்டி மடக்காமல் தொங்கப் பழகிக்கொண்டிருந்தேன் அல்லவா. முதல் தடவை ஓட்டத்தின் காலடிக் கணக்கு தப்பியது. இரண்டாவதில் இடுப்பு தாண்டியது, குதிகால் தட்டியது. மூன்றாவதிலும் அதே குதிகால். கம்பி விழுந்த சத்தத்தை நான் மெத்தையில் மல்லாந்துகிடந்து கேட்டேன்.

பந்தை வீசினேன், பாதி தூரத்தில் ஓய்வெடுத்தது. கயிறு, உரிந்த உள்ளங்கையைப் பார்த்ததும் தோலைக் கேட்டது. ஓர் ஆள் உயரத்தில் இறங்கிவிட்டேன்.

பிறகு புல்-அப். கம்பிக்குக் கீழே மணல். மிதிக்க எதுவும் இல்லை. ஏழு வரை எண்ணியதே தெரியவில்லை. எட்டாவது மெதுவாகத்தான் வந்தது. தாடை ஏறியது. பழக்க தோஷத்தில் ஒன்பதாவதும் எடுத்தேன், ஏதாவது ஒன்று செல்லாது என்று யாராவது சொல்வார்கள் என்று.

“கொள்ளாமல்லோ,” என்று மெச்சினார் அதிகாரி. “நல்ல க்ளீன்.” என் அட்டையை வாங்கி ஒப்பமிட்டவர், மேலே இருந்த கட்டங்களைப் பார்த்தார். தேறியது நான்கு. அவர் முகம் கொஞ்சம் மாறியது. “இனி குண்டு உண்டு. போய் எறிஞ்சு நோக்கு.”

குண்டை அன்றுதான் முதன்முதலில் கையில் எடுத்தேன். கழுத்தோரம் வைத்துக்கொள்ள வேண்டும் என்று முன்னால் நின்றவனைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். மூன்று வாய்ப்பு. மூன்றாவதில் உடம்பில் இருந்த அத்தனையையும் சேர்த்துத் தள்ளினேன். குண்டு ஒரு நல்ல குடும்பத்துப் பிள்ளையைப்போல, வீட்டைவிட்டு அதிக தூரம் போகாமல் விழுந்தது. அளவெடுக்க நின்றவர் டேப்பை விரிக்கவே இல்லை. அடுத்த எண்ணைக் கூப்பிட்டார்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். அப்பா, “அடுத்த நோட்டிஃபிகேஷன் வரும், வயசிருக்கு,” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். கம்பிக்குக் குனியத் தவறவில்லை. தங்கை என் பக்கத்தில் உட்கார்ந்து போனைத் தள்ளிக்கொண்டிருந்தாள். இந்த வேலையே வேண்டாம் என்றவள், அப்பாடா என்று ஒரு வார்த்தையாவது சொல்வாள் என்று அம்மாவைப் பார்த்தேன். அவள் கல்லில் மாவை ஊற்றினாள். தட்டில் தோசையைப் போட்டாள், இன்னொன்றும் போட்டாள்.

“அந்த குண்டு எத்தன கிலோ?”

“ஏழேகால்.”

கொல்லைப் பக்கம் திரும்பி ஏதோ யோசித்தாள்.

“ஆட்டுக்கல் கொழவி அதவிட கனமாக்கும்,” என்றாள். “கொல்லையில மண் தரைதான். ஒடையாது.”