பூச்சியம் போட்ட பக்கம்

ஆராய்ச்சிக் கணக்கு எழுதிய என் முதல் கொப்பியைக் கடல் கொண்டுபோனது. நாவற்குடாவில் எங்கள் வீட்டுக்குள் சுனாமித் தண்ணீர் புகுந்த அந்தக் காலை, நானும் அம்மாவும் ஓடித் தப்பியதே பெரிய காரியம். இரண்டாம் நாள் வந்து பார்த்தால் மேசையும் இல்லை, மேசைமேல் இருந்த கணக்கும் இல்லை. ஊரே பிணம் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் நான் ஒரு கொப்பிக்காக அழுதேன். நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

அப்போது நான் பல்கலைக்கழகத்தில் பௌதிகம் படிப்பிக்கும் தற்காலிக விரிவுரையாளர். என் ஆராய்ச்சி நியூத்திரினோ என்ற துகளைப் பற்றியது. நம் உடம்புக்குள்ளால் அது கோடிக்கணக்கில் ஓடிக்கொண்டே இருக்கும், நமக்குத் தெரியாது. அதன் எடை என்ன என்பதுதான் கேள்வி. தராசில் வைக்க முடியாத சாமான். ஆகவே பேயீசிய முறை: எந்த எடைக்கு எவ்வளவு நம்பிக்கை என்று முதலில் ஓர் எண்ணை எழுத வேண்டும்; பரிசோதனைத் தரவுகள் வர வர அந்த எண்ணைப் பெருக்கித் திருத்த வேண்டும். சொல்ல இவ்வளவுதான். செய்யப்போனால் மண்டை காயும்.

இரண்டாவது கொப்பியை எழுத நாலு வருடத்துக்கு மேல் ஆனது. அதிலும் ஒரு வில்லங்கம். விடைகள் எல்லாம் ஒரே ஓரத்தில் போய் முட்டிக் குவிந்து நின்றன. ஏனென்று பிடிபடவில்லை. இதற்கிடையில் வெளிநாட்டுப் பேராசிரியர் ஒருவர், மாத முடிவுக்குள் முழுக் கணக்கையும் அனுப்பினால்தான் தன்னிடம் எனக்கு ஆராய்ச்சி இடம் தருவதைப் பற்றிப் பேசலாம் என்று எழுதிவிட்டார். போர் முடிந்துவிட்டது என்று வானொலி சொல்லி ஐந்து வாரம் இருக்கும். பக்கங்களைப் பிரதி எடுத்து அனுப்ப, கொப்பியோடு டவுனுக்குப் புறப்பட்டேன்.

பாலத்தடிச் சென்றியில் இராணுவத்தினர் மறித்துப் பையைத் திறந்தார்கள். ஓர் அதிகாரி கொப்பியைப் புரட்டினார். துகள்கள் மோதிப் பிரிவதைக் கோடுகளால் வரைந்த படங்கள் பக்கத்துக்குப் பக்கம் இருந்தன.

"மிஸ், இது எந்த இடத்து மேப்?" என்றார். நெளிகோட்டில் விரலை வைத்து, "இது வாவிதானே?"

"இல்ல சேர். அது ஒளி."

அம்புக்குறி போட்ட கோட்டைக் காட்டினார். "இதில போறது யாரு?"

"இலத்திரன்."

"இலத்திரன் எந்த ஊர் ஆள்?"

சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. சிரித்திருந்தால் கொப்பியோடு நானும் உள்ளே போயிருப்பேன். ஆள் இல்லை, அணுவுக்குள் சுற்றும் துகள் என்று எவ்வளவு சொல்லியும் பதிவுப் புத்தகத்தில் அந்தப் பெயரை எழுதிவிட்டு, "கொப்பி இருக்கட்டும், நீங்க போங்க" என்றார்.

வீட்டுக்கு வந்து பையைத் தூக்கி எறிந்தேன். "முடிஞ்சுதும்மா. இனி அது வராது. பூச்சியம்!" அந்த நாட்களில் அவர்கள் பிடித்துக்கொண்டுபோன ஆட்களே திரும்பி வரவில்லை, கொப்பி வருமாக்கும்!

அம்மா குடையை எடுத்தார். "கடலிட்டப் போய்க் கேக்க ஏலுமா? இவனுகளிட்டக் கேக்கலாந்தானே கா. எழும்பு, போவம்."

முதல் நாள் சென்றியில், பெரிய அதிகாரி இல்லை என்றார்கள். இரண்டாம் நாள், கொப்பி மேலிடத்துக்குப் போயிருக்கிறது என்றார்கள். மூன்றாம் நாள் எனக்குக் கோபம் தலைக்கேறி, "வாங்கம்மா, இவங்க தரமாட்டாங்க" என்று கத்தினேன். அம்மா அசையவே இல்லை. பிளாஸ்கைத் திறந்து தேத்தண்ணியை ஊற்றிக் குடித்தார்.

நாலாம் நாள் அந்த அதிகாரியே ஒரு மண்ணிற உறையோடு வந்தார். "சயன்ஸ்தான் என்று சொல்லிட்டாங்க மிஸ். கையெழுத்துப் போடுங்க." போட்டு வாங்கிக்கொண்டேன். அப்படி ஒரு சந்தோசம் எனக்குப் பிறகு வந்ததே இல்லை.

மேலிடத்தில் எவனோ ஒரு பொறுமைசாலி பக்கம் பக்கமாக நீல மையால் இலக்கம் போட்டிருந்தான். ஏதாவது குறைகிறதா என்று பஸ்ஸில் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். முப்பத்தோராம் பக்கத்தில் என் கையெழுத்து: "இந்த எடைக்குக் கீழே, நம்பிக்கை 0."

"அட விசரி!" என்று என்னை நானே சத்தமாகத் திட்டிவிட்டேன். அம்மா திடுக்கிட்டுத் திரும்பினார்.

இந்த முறையில் தொடக்கத்திலேயே பூச்சியம் போட்டால், எவ்வளவு தரவு வந்தாலும் அது பூச்சியமாகவே நிற்கும். பூச்சியத்தை எதனால் பெருக்கினால் என்ன? எனக்குப் பிடித்த கோட்பாடு அந்த எடைக்குக் கீழே ஒன்றுமில்லை என்றது. நானும் திமிரோடு கதவைச் சாத்திவிட்டேன். விடைகள் மாதக்கணக்காக அந்தக் கதவில்தான் முட்டிக்கொண்டு நின்றிருக்கின்றன. நாலு நாளைக்கு முன் கொப்பிக்குப் போட்டதும் இதே பூச்சியந்தான்.

மாதம் முடிய இரண்டு நாள் இருந்தது. பூச்சியத்தை அடித்துவிட்டு மிகச் சிறிய ஓர் எண்ணைப் போட்டுப் பல்கலைக்கழகக் கணினியில் கணக்கை ஓட்டினேன். குவியல் கலைந்தது. விடை ஓரத்தைத் தாண்டிப் போய் அமைதியாக உட்கார்ந்தது. அனுப்பினேன். இடம் கிடைத்தது.

புறப்படும் நாளில் அம்மா என் பெட்டியைக் கட்டித் தரமாட்டேன் என்று கட்டிலில் இருந்துகொண்டார். கடலுக்கும் பயப்படாதவர், சென்றிக்கும் பயப்படாதவர், அன்றைக்கு விம்மி விம்மி அழுதார். "வெளிநாட்டுக்குப் போனதுகள் எது கா திரும்பி வந்திச்சு? நீயும் வரமாட்டா."

"கொப்பியே திரும்பி வந்திச்சும்மா, நான் வரமாட்டனா?" என்றேன்.

அழுகையோடேயே சிரித்துவிட்டார். இதை எழுதும் மேசை நாவற்குடாவில்தான் இருக்கிறது.