உரக்கடை பாய்க்கு நாற்காலி போட்டவர்

நம் நூலகராக இருந்த தவமணி மேடம் இறந்துவிட்டார் என்ற செய்தி ஒரு வெள்ளிக்கிழமை காலையில் வந்தது. நூலகத்துக்கு வார விடுமுறை நாள். போனில் அழைத்த வாசகர் வட்டச் செயலாளர், "ரிட்டயர் ஆகியும் லீவு நாள் பாத்துதான் போயிருக்காங்க டீச்சர்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்த வாயோடே அழுகையும் வந்தது. அவர் ஊரான நன்னிலத்துக்குப் பஸ் ஏறி உட்கார்ந்த பிறகும் அழுகை நிற்கவில்லை.

அடக்கம் முடிந்து திரும்பும்போது, மேடத்தைப் பற்றி நினைவு மலருக்கு நாலு வரி எழுதித் தாருங்கள் என்று வாசகர் வட்டத்தில் கேட்டார்கள். நாலு வரியில் அடங்குகிற மனுஷியா அவர்? அவரிடம் திட்டு வாங்காத வாசகர் நம்மில் யாராவது இருந்தால் கை தூக்கலாம். எனக்கும் அவருக்கும் இருந்த கணக்கு வேறு. அது என் தகப்பனாரை, என் அத்தாவைப் பற்றியது.

அத்தா கடைத்தெருவில் உரமும் விதையும் விற்றார். உரக்கடை பாய் என்றால்தான் ஊருக்குத் தெரியும். காலையில் கடை திறந்ததும் பேப்பரை விரித்துச் சத்தமாக வாசிப்பார். முதலில் மேட்டூர் அணை நீர்மட்டம், பிறகுதான் மற்ற உலகம். மூட்டை வாங்க வந்த விவசாயிகள் அதைக் கேட்டுவிட்டுத்தான் நகர்வார்கள். எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒரு பாஸ்போர்ட் வந்த காலத்தில் என் கணவரும் தம்பியும் துபாய்க்குப் போனார்கள். அம்மா காலமானார். கடையை மூடினோம். அதற்குப் பிறகு அத்தாவுக்கு மறதி வந்தது. சாப்பிட்டதை மறந்தார், வீட்டுக்கு வரும் வழியை மறந்தார், ஒரு கட்டத்தில் என்னை அம்மா என்று நினைத்துக்கொண்டு பேசினார். தஞ்சாவூர் டாக்டர் டிமென்ஷியா என்றார். குணமாகாது, பார்த்துக்கொள்ளத்தான் வேண்டும் என்றும் சொன்னார்.

யார் பார்த்துக்கொள்வது? நான் தொடக்கப் பள்ளி ஆசிரியை. பிற்பகலுக்குப் பக்கத்து வீட்டு அம்மா ஒத்துக்கொண்டார். காலை நேரத்துக்குத்தான் ஆள் இல்லை. உறவு, ஊர் எல்லோரும் எனக்குச் சொன்ன யோசனை ஒன்றுதான்: உள்ளே விட்டுப் பூட்டிவிட்டுப் போ. தம்பியும் போனில், "வேற என்னக்கா பண்றது, ரோட்டுல போயி லாரில அடிபட்டா?" என்றான். ஒரு நாள் பூட்டினேன். மதியம் வந்து திறந்தபோது அத்தா கதவுக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்திருந்தார். தட்டித் தட்டிக் கை வீங்கியிருந்தது. "நான் என்னம்மா தப்பு செஞ்சேன்?" என்று கேட்டார். அன்று நான் அழுத அழுகையை வேறு எதற்கும் அழுததில்லை.

மறுநாள் காலை, பள்ளிக்குப் போகிற வழியில் இருக்கிறதே என்று, அவரை நம் கிளை நூலகத்துக்குக் கூட்டிப்போனேன். தவமணி மேடம் கண்ணாடியைக் கீழே இறக்கி எங்களைப் பார்த்தார். நான் விஷயத்தை மென்று முழுங்கிச் சொன்னேன். அத்தாவுக்கு ஞாபகம் சரியில்லை, மதிய மணி அடித்ததும் ஓடி வந்துவிடுவேன் என்றேன். அவர் சொன்னது இது: "படிக்கத் தெரிஞ்சவங்க வரலாம்னுதான் இங்க ரூல். ஞாபகம் இருக்கணும்னு எங்கயும் போடலை. நீங்க ஸ்கூலுக்குப் போங்க." பிறகு அத்தாவைப் பார்த்து, "வாங்க பாய், பேப்பர் வந்தாச்சு" என்றார். ஜன்னல் பக்கம் ஒரு நாற்காலியை அவரே இழுத்துப் போட்டார்.

அந்த நாற்காலி அத்தாவுக்கு என்று ஆகிவிட்டது. நூலகம் மூடியிருக்கும் வெள்ளிக்கிழமை மட்டும் பக்கத்து வீட்டு அம்மா காலையிலும் பார்த்துக்கொண்டார். வேறு யாராவது உட்கார்ந்தால் மேடத்தின் பார்வையே எழுப்பிவிடும். கழிவறைக் கதவுக்கு மட்டும் பளீரென்று நீல பெயிண்ட் அடித்தார். அத்தா எழுந்து தயங்கினால், "நீலக் கதவு பாய்" என்பார், அவ்வளவுதான். எதிர் டீக்கடைக்காரரிடம், பாய் ரோட்டுக்கு இறங்கினால் பேச்சுக் கொடுத்து நிறுத்தச் சொல்லிவைத்திருந்தார். இந்த நோயைப் பற்றி அவர் எந்தப் பயிற்சிக்கும் போனவர் இல்லை. அத்தாவைப் பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டார்.

ஒன்றை மட்டும் அவரால் மாற்ற முடியவில்லை. அத்தாவுக்கு மனதுக்குள் படிக்கத் தெரியாது. பேப்பரைக் கையில் எடுத்தால் கடையில் வாசித்த அதே குரல்தான் வரும். போட்டித் தேர்வுக்குப் படிக்க வந்த பையன்கள் முணுமுணுத்தார்கள். ஆனால் மாரிமுத்து மாதிரி சிலர் அதைக் கேட்பதற்கென்றே வந்தார்கள். மாரிமுத்து குத்தகைக்குக் கொஞ்ச நிலம் பயிர் செய்தவர். கண் பார்வை மங்கியவர். பாய் வாசித்தால் கேட்டுக்கொண்டு போவார்.

வினை அங்கேதான் வந்தது. தண்ணீர் வருமா வராதா என்று ஊரே ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு கோடையில், அத்தா பழைய பேப்பர் கட்டிலிருந்து ஒன்றை உருவி, அணை நிரம்பிவிட்டது, தண்ணீர் திறக்கிறார்கள் என்று கணீரென்று வாசித்திருக்கிறார். மாரிமுத்து நேரே வீட்டுக்குப் போய் விதைநெல்லை ஊறப் போட்டுவிட்டார். அது போன வருஷத்துச் செய்தி என்று அவருக்கு மறுநாள்தான் தெரிந்தது. நான் அன்று மதியம் போனபோது நூலகத்துக்குள் நின்று கத்திக்கொண்டிருந்தார். "வாய்க்கால்ல சொட்டுத் தண்ணி இல்ல. விதைய எங்க கொண்டுபோய்க் கொட்டுறது பாய்?" அத்தா அவரை நிமிர்ந்து பார்த்து, விதை வாங்க வந்தவரிடம் பேசுவதுபோல் நிதானமாகச் சொன்னார்: "ஊற வச்சாச்சுல்ல, வடிச்சு மூடி வைங்க. முளை கட்டினதும் தெளிச்சிருங்க." மாரிமுத்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

அத்தாவுக்கு இனிமேல் இங்கே இடமில்லை, மறுபடி அந்தப் பூட்டுதான் என்று நான் முடிவே செய்துவிட்டேன். மேடம் மாரிமுத்துவைத் தன் மொபெட்டில் ஏற்றிக்கொண்டு, பம்புசெட் வைத்திருந்த ஒருவரிடம் போய், நாற்றங்காலுக்கு ஒரு மூலை கேட்டு வாங்கிக் கொடுத்தார். விதை பிழைத்தது. திரும்பி வந்து பழைய கட்டுகளை எல்லாம் பீரோவில் வைத்துப் பூட்டினார். பிறகு மாரிமுத்துவிடம் சொன்னார்: "மறதி அவருக்குத்தானே, உங்களுக்கு இல்லையே. தேதி என்னன்னு நீங்க கேளுங்க." அன்றிலிருந்து அத்தா பேப்பரை விரித்தால், "என்ன தேதி போட்டிருக்கு பாய்?" என்று முதலில் மாரிமுத்து கேட்பார். நாளடைவில் எல்லோரும் கேட்டார்கள். அத்தாவும் பள்ளிப்பிள்ளை மாதிரி தேதியை வாசித்துவிட்டுத்தான் அணைச் செய்திக்குப் போவார். "அவர மாத்த முடியாது டீச்சர். சுத்தி இருக்கிற நாம மாறிக்கலாம். நமக்கு முடியும்ல" என்று மேடம் என்னிடம் சொன்னார்.

அந்தக் கத்தலைக் கேட்ட யாரோ மேலே புகார் எழுதிவிட்டார்கள். அதிகாரி ஒருவர் வந்தார். அத்தா வாசிப்பதைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "இது நூலகமா, ஆஸ்பத்திரியா?" என்றார். "நூலகம்தான் சார். அதனாலதான் படிக்கிறாரு" என்றார் மேடம். வாசிப்பு அறைக்குள் சத்தம் கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டு அவர் போனார். மேடம் உத்தரவை அட்சரம் பிசகாமல் நிறைவேற்றினார். வாசகர் வட்டத்தை விரட்டி, வெளியே தகரக் கொட்டகை போட வைத்து, பேப்பர் மேசையையே அங்கே மாற்றிவிட்டார். பையன்களுக்கு உள்ளே அமைதி கிடைத்தது. அத்தாவுக்கு வெளியே காற்றும் கூட்டமும் கிடைத்தன. இதற்கும் அவருக்கு ஒரு மெமோ வந்தது. "படிக்க இன்னும் ஒண்ணு அனுப்பியிருக்காங்க" என்று அதை மேசைக்குள் போட்டுக்கொண்டார். விஷயம் பரவி, சிங்கப்பூரில் பிள்ளைகள் இருந்த ஓர் அம்மாவையும், தாலுகா ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவரையும் வீட்டார் கொண்டுவந்து விட்டார்கள். அவர்களுக்கும் நாற்காலி போட்டார். உடன் வருகிறவர்களை, "நீங்க போய்க் கொஞ்சம் தூங்குங்க" என்று வீட்டுக்கு விரட்டினார். அதைச் சொல்ல எங்களுக்கு அதுவரை யாரும் இருந்ததில்லை.

கடைசியில் அத்தாவிடமிருந்து எழுத்தும் போய்விட்டது. பேப்பரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு சும்மா இருப்பார். இனி எதற்கு அழைத்து வரவேண்டும் என்று கேட்டேன். மேடத்துக்குக் கோபம் வந்துவிட்டது. "படிக்காம உக்காந்து இருக்கிறவங்கள எல்லாம் எழுப்பி அனுப்பணும்னா, இங்க பாதி பேர அனுப்பணும். கூட்டிட்டு வாங்க." மாரிமுத்து அப்போதும் தேதி கேட்டார். பதில் வராது. "சரி பாய், நாளைக்கிப் பாத்துக்குவோம்" என்று பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார். நடக்க முடிந்த நாள் வரைக்கும் அத்தா அங்கே போனார்.

அத்தா இறந்தபோது தம்பியால் அடக்கத்துக்கு வந்து சேர முடியவில்லை. மறுநாள் காரிலிருந்து இறங்கி, பெட்டியைக்கூட எடுக்காமல், நேரே அத்தாவின் அறைக்குப் போனான். கதவைத் தடவிப் பார்த்தபடி நின்றான். "பூட்டச் சொன்னதே நான்தான். போன்ல கேக்க பயந்தேன், நீயும் அந்தப் பேச்ச எடுக்கல. இத்தனை வருஷமும் அத்தாவ உள்ள வச்சுப் பூட்டிட்டுத்தான் போனியாக்கா?" என்று கேட்டான். கேட்கும்போதே அழுதான். அந்த முதல் நாளைச் சொன்னேன். "அதுக்கப்புறம் இல்லடா. ஒரு நாள்கூட இல்ல" என்றேன். என் வாய் கூசவில்லை. தவமணி மேடம் எனக்கு விட்டுப்போயிருப்பது அந்த 'இல்லை'தான்.