கப்பல், கிடங்கு, பெட்டி

எண்பதுகளின் தொடக்கத்தில் மலேசியாவின் பெட்டாலிங் ஜெயாவில் ஓர் எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் வேலை பார்த்தேன். சாலாக் செலாத்தானில் ஒரு வீட்டின் பின்னறையில் வாடகைக்கு இருந்தேன். வீட்டுக்காரம்மாவின் டிவியில் வாரம் ஒரு நாள் ஒரு போலீஸ் நாடகம் வரும். ஆங்கிலத்தில் பேசுவார்கள், கீழே மலாயில் எழுத்து ஓடும். கதாநாயகன் ஓர் இன்ஸ்பெக்டர். தூங்கும்போதுகூடத் தொப்பியைக் கழற்ற மாட்டார். அவருடைய பெயர் எங்கள் தொழிற்சாலையில் யார் வாயிலும் நுழையவில்லை. மலாயிலும் தொப்பிக்குத் தொப்பி என்றே பெயர் என்பதால் தமிழர், மலாய்க்காரர், சீனர் எல்லாருக்கும் அவர் 'இன்ஸ்பெக்டர் தொப்பி' ஆகிவிட்டார்.

எனக்கு அவர்மேல் பைத்தியம். அடுத்த வாரம்வரை காத்திருக்கப் பொறுமை இல்லாமல், அவரை வைத்து நானே தமிழில் கதை எழுத ஆரம்பித்தேன். என் கதையில் அவர் போர்ட் கிள்ளான் துறைமுகத்துக்கே வந்து கடத்தல்காரர்களைத் துரத்துவார். தொழிற்சாலையில் கழித்துப் போடும் தாள்களின் பின்பக்கத்தில், சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து எழுதுவேன்.

எழுதினால் மட்டும் போதுமா, படிக்க ஆள் வேண்டுமே. பிரிக்பீல்ட்ஸில் இருந்த சித்தி மகளிடம் முதல் பாகத்தைக் கொடுத்தேன். எனக்குப் பிறவியிலேயே சந்தேக புத்தி. கொடுப்பதற்கு முன் நடுவில் இரண்டு பக்கங்களை ஒரு சோற்றுப் பருக்கையால் ஒட்டி வைத்தேன். மறு வாரம், "அக்கா, சூப்பர்லா, அழுதுட்டேன்" என்று திருப்பிக் கொடுத்தாள். பருக்கை காய்ந்து, பக்கங்கள் ஒட்டியபடியே இருந்தன. என் கதையில் அழுகிற இடமே கிடையாது!

பிறகு தொழிற்சாலை பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காரும் தோழி ஒருத்தி கதையைப் படிக்கக் கேட்டாள். அவளிடமாவது கொடுத்துப் பார்க்கலாம் என்று இரண்டாம் பாகத்தைச் சாப்பாட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு, வேலை முடிந்து வெளியே வந்தேன்.

அது கெட்ட நேரம். தொழிற்சாலையில் சாமான்கள் காணாமல் போய்க்கொண்டிருந்தன. வாசலில் எல்லாருடைய பையையும் திறந்து பார்த்தார்கள். ஜாகா, அதாவது வாசல் காவலாளி, வயதான மலாய்க்காரர். நாங்கள் ஐயா என்பதுபோல் 'பாக்' என்று கூப்பிடுவோம், சிரித்த முகம். அன்று சிரிக்கவில்லை. கம்பெனித் தாளின் பின்னால் பொடிப்பொடியாகத் தமிழ் எழுத்தைப் பார்த்ததும், என்ன எழுதியிருக்கிறது, சத்தமாகப் படி என்றார்.

கைக்கு வந்த பக்கத்தைப் படித்தேன். "கப்பல் வந்ததும் கிடங்கின் பின்கதவு வழியாகப் பெட்டியைக் கடத்திவிடு" என்று கடத்தல் தலைவன் ஆளிடம் சொல்லும் இடம். பாக்குக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அவர் கண் விரிந்தது.

"காப்பால்? குடாங்? பெத்தி?" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கப்பலும் கிடங்கும் பெட்டியும் மலாயிலும் ஏறக்குறைய அதேதான். அந்த மனிதருக்குப் புரிந்தது மொத்தம் மூன்றே வார்த்தை, அந்த மூன்றும் என்னைத் திருடியாக்கப் போதுமானவை.

நேராக ஆபீசுக்குக் கூட்டிப் போனார்கள். எங்கள் சூப்பர்வைசர் மேசைக்குப் பின்னால் இருந்தார். நான் மலாயில் கதை, டிவி என்று என்னென்னவோ சொன்னேன். யாரும் காது கொடுக்கவில்லை. திருட்டுப் பட்டத்தோடு வெளியே அனுப்பினால் வேறு எந்தத் தொழிற்சாலையும் என்னைச் சேர்க்காது.

படித்துச் சொல்ல ஸ்டோரில் கணக்கு எழுதும் கிராணியைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். அவர் பெயரைக் கேட்டதுமே என் வேலை போய்விட்டது என்று முடிவு செய்துவிட்டேன். அவர் சிலோன் குடும்பத்துக்காரர், யாரோடும் சேராதவர். மேனேஜ்மெண்டின் காது அவர்தான் என்று நாங்கள் எல்லாரும் நம்பினோம். அவர் கேன்டீனுக்குள் வந்தால் பேச்சை நிறுத்திவிடுவோம்.

அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. எங்கள் சூப்பர்வைசர் கையில் ஸ்டாப்வாட்ச் வைத்திருப்பார். நாங்கள் கழிப்பறைக்குப் போனால் அதை அமுக்குவார். என் கதையின் கடத்தல் தலைவனும் ஸ்டாப்வாட்ச் வைத்திருந்தான். அடியாட்கள் கழிப்பறைக்குப் போனால் அமுக்குவான். இதை எழுதும்போது நான் தனியாக விழுந்து விழுந்து சிரித்தவள்.

கிராணி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு பத்தியாகத் தமிழில் வாய்விட்டுப் படித்து மலாயில் சொன்னார். இரண்டாவது வரியிலேயே பாக் நிமிர்ந்தார். "தொப்பி? டிவி தொப்பியா?" என்று மலாயில் கேட்டார். கிராணி ஆமாம் என்றார். பாக் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். சூப்பர்வைசர் முகம் மட்டும் மாறவில்லை.

அந்த இடம் வந்தது. கிராணி மனதுக்குள் படித்தார். ஒரு நொடி நின்றார். என்னைப் பார்க்கவில்லை. பிறகு தமிழில் வாய்விட்டுப் படிக்காமல் நேராக மலாயில் சொன்னார்: கடத்தல் தலைவன் தாடி வைத்த குண்டு மனிதன், பைனாகுலரில் கடலையே பார்த்துக்கொண்டிருக்கிறான்.

தாடியா? பைனாகுலரா? நான் எழுதவே இல்லையே!

"லெப்பாஸ் இத்து?" என்றார் பாக். அப்புறம் என்ன என்று கேட்கிறார். கிராணி அப்புறத்தையும் சொன்னார். என் கதையைக் காட்டிலும் அது கொஞ்சம் நன்றாகவே இருந்தது.

நம் தொழிற்சாலையைப் பற்றி ஏதாவது இருக்கிறதா என்று சூப்பர்வைசர் துருவினார். ஒன்றுமில்லை, வெறும் டிவி கதை என்றார் கிராணி. சூப்பர்வைசர் தாள்களுக்காகக் கை நீட்டினார். வேறொரு தமிழரிடம் காட்டினால் நாங்கள் இருவருமே தொலைந்தோம். கழித்த தாள் ஸ்டோர் கணக்கில்தான் வரும், நானே அழித்துவிடுகிறேன் என்று சொல்லி, கிராணி அதை மடித்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். இனி ஒரு துண்டுத் தாள்கூட வெளியே போகக்கூடாது என்ற எச்சரிக்கையோடு என்னை விட்டுவிட்டார்கள்.

நன்றி சொல்ல வேண்டிய நான் என்ன செய்தேன் தெரியுமா? பயந்தேன். என் குடுமி அவர் சட்டைப் பையில் இருக்கிறதே! இவர் ஏன் எனக்காகப் பொய் சொல்ல வேண்டும்? காசு கேட்பாரோ, வேறு ஏதாவது கேட்பாரோ, மற்ற பெண்களைப் பற்றித் துப்புக் கேட்பாரோ? அவர் வரும் வழியை விட்டு விலகிப் போனேன். ஸ்டோருக்குப் போக வேண்டியிருந்தால் வயிற்று வலி என்று சொல்லி வேறொருத்தியை அனுப்பினேன். பல வாரங்கள் இப்படியே ஓடின.

ஒருநாள் கேன்டீனில் நான் தனியாக இருந்த மேசைக்கு வந்து எதிரே உட்கார்ந்தார். சரி, இன்றைக்குக் கேட்கப் போகிறார் என்று சோற்றில் கையை வைத்தபடி இருந்தேன். தாள்களை என் பக்கம் தள்ளினார். பிரித்துப் பார்த்தேன். ஸ்டாப்வாட்ச் வரும் வரிகள் மட்டும் ஓர் எழுத்தும் தெரியாமல் கறுப்பு மையால் அடிக்கப்பட்டிருந்தன.

"பிள்ளை, தொப்பிக்காரர் உப்பிடி உடன துவக்கை நீட்டமாட்டார். நானும் கிழமைக்குக் கிழமை பாக்கிறனான்" என்றார். துவக்கு என்றால் அவர்கள் தமிழில் துப்பாக்கி. பிறகு குரலைத் தாழ்த்தி, "அவர் கப்பலில ஏறினவரோ, இல்லையோ?" என்று கேட்டார்.

அவ்வளவுதான். அத்தனை வாரமும் அந்த மனிதர் என்னிடம் கேட்கக் காத்திருந்தது இதை மட்டும்தான்.

"இன்னும் எழுதல, அங்கிள்" என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

"எழுதும். நான் வாசிக்கோணும்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

என் சந்தேக புத்தி இன்றும் போகவில்லை. யாராவது எனக்கு நல்லது செய்தால் என்ன கேட்கப் போகிறாரோ என்றுதான் முதலில் நினைக்கிறேன். ஆனால் நினைத்த அதே மூச்சில் அந்தக் கேன்டீன் மேசையும், கதை முடிவதற்காகத் தன் வேலையையே பணயம் வைத்த என் முதல் வாசகரும் நினைவுக்கு வர, கொஞ்சம் வெட்கத்தோடு நன்றி சொல்லிவிடுகிறேன்.