ஆறு மணிக்கு வரும் அக்காவின் குரல்

எங்கள் அலுவலகம் காந்திபுரத்தில் ஒரு துணிக்கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது. கிணறு, போர்வெல் எதுவும் இல்லாமல் மழையை மட்டும் நம்பி ஒன்றிரண்டு ஏக்கர் வைத்திருக்கும் மானாவாரிக்காரர்களுக்கு, எப்போது விதைக்கலாம் என்று போனில் சொல்வது என் வேலை. நான் எங்கே சொல்கிறேன்? கம்ப்யூட்டர்தான் சொல்கிறது. வானிலையைப் பார்த்து, பதிவு செய்து வைத்த வாக்கியங்களில் பொருத்தமானதைக் கோத்து, காலை ஆறு மணிக்கு எல்லோரையும் கூப்பிடும். முன்பெல்லாம் ஆடி பிறந்தால் கண்ணை மூடிக்கொண்டு விதைத்தவர்கள் இவர்கள். இப்போது எந்த மாதம் வரப்போகிறோம் என்று மழைக்கே தெரிவதில்லை.

அந்த வாக்கியங்களைப் பேசியது கிணத்துக்கடவுப் பக்கத்து அக்கா ஒருவர். அவரும் மானாவாரிதான். இரைச்சல் விழக்கூடாது என்று ஃபேனை நிறுத்தியிருந்தோம். வியர்க்க விறுவிறுக்க நாற்பது வாக்கியங்கள் பேசினார். "இன்னும் பொறுங்க." "வெதைச்சுப்போடுங்க." "மாட்டுக்குச் சோளத்தட்டு இருக்குதுங்களா?" இப்படிக் கேட்டுவிட்டு, எதிரில் ஆள் நிற்பதுபோல் பேசாமல் இருப்பார். கடைசியில் "வெச்சரட்டுங்களா?" என்பார். எங்கள் பக்கத்தில் கேட்காமல் போனை வைத்துவிட்டால் கோபித்துக்கொள்வார்கள். நேரமாகிறது, சட்டுபுட்டென்று பேசுங்கள் என்று நான் சிடுசிடுத்தேன்.

"அவங்க பதில் சொல்ல உடோணுமில்ல அம்மணி," என்றார்.

அந்த இடைவெளிகளை வெட்டாமலே விட்டுவிட்டோம்.

சித்திரையில் அந்த அக்கா இறந்துபோனார். நெஞ்சுவலி, ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரவில்லை. குரலை மாற்ற வேண்டும் என்று பேசினோம், பேசியதோடு சரி. செத்துப்போனவர் தினமும் காலையில் ஊர் ஊராகப் போன் செய்துகொண்டிருந்தார். சோதனைக்காக என் எண்ணுக்கும் வரும். "வெச்சரட்டுங்களா?" என்றதும் "செரிங்கக்கா" என்று என் வாய் தானாகச் சொல்லிவிடும். சொன்ன பிறகுதான் அவர் இல்லை என்பது நினைவுக்கு வரும்.

ஆவணியில் ஒரு நாள் நல்ல மழை பெய்தது. அக்காவின் ஊரில் எல்லோரும் அவசர அவசரமாகச் சோளம் விதைத்தார்கள். அடுத்து மழை இல்லை என்று கம்ப்யூட்டர் "இன்னும் பொறுங்க" என்றது. அதைக் கேட்டு நடந்தது அக்காவின் வீட்டுக்காரர் ஒருவர்தான். அவரிடம் இருந்தது ஒரு நீல டிரம் விதைச் சோளம், அவ்வளவே. விளைந்தால்தான் வீட்டுக்குச் சோறு, இரண்டு கறவை மாடுகளுக்குத் தின்னத் தட்டு. விளையாவிட்டால் மாடுகளை விற்க வேண்டியதுதான். ஊரே விதைத்துவிட்டது, கம்ப்யூட்டரை நம்பி இவருக்கு மட்டும் விதைப்பு தப்பிவிடுமே என்று பதறிக்கொண்டு நேரில் போனேன்.

"ஈரம் காயுதுங்ணா. இன்னும் ஏனுங்க சும்மா இருக்கீங்க?"

"அவ பொறுங்கன்னு சொல்றாளுங்களே."

"ஐயோ, அது கம்ப்யூட்டருங்ணா!"

"தெரியுமுங்க அம்மணி. ஆனா தட்டு இருக்குதான்னு கேட்டுப்போட்டு, நான் பதில் சொல்ற வரைக்கும் இருக்கறாளே."

எனக்குச் சுள்ளென்று எரிச்சல் வந்தது. மறுநாள் காலை, அவர் எண்ணுக்கு மட்டும் "வெதைச்சுப்போடுங்க" என்பதை என் கையாலேயே அனுப்பினேன். மழை இல்லை என்றுதான் திரை அப்போதும் காட்டிக்கொண்டிருந்தது. செத்தவர் குரலில் பொய் சொல்கிறோம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அதன் பிறகு வீசியதெல்லாம் ஈரத்தை உறிஞ்சும் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மட்டும்தான். முளைத்த பயிர் பதினைந்து நாளில் கருகிப்போனது. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். அந்தப் பக்கம் தலைகாட்ட எனக்கு முகமில்லை. புரட்டாசியில் மழை விடாமல் பிடித்தது. கம்ப்யூட்டர் எல்லோருக்கும் "வெதைச்சுப்போடுங்க" என்றது. விதைக்கத்தான் அங்கே யாரிடமும் விதை மிஞ்சியிருக்காது. அவர் மாடுகளை விற்றிருப்பார் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு வாரம் கழித்து உக்கடத்தில் அவர் ஊருக்குப் பஸ் ஏறினேன்.

மாடுகள் இரண்டும் வேலியோரம் கட்டப்பட்டிருந்தன. நிலத்தின் கிழக்குப் பாதி கருகிக் கிடந்தது. மேற்குப் பாதியில் புதுச் சோளம் விரல் உயரத்துக்கு முளைத்திருந்தது.

"ஏனுங்ணா, இதுக்கு விதை ஏது?"

"கெழக்கால பாதிய மட்டும் வெதைங்க, மீதி டிரம்முலயே இருக்கட்டும்னு அவதானுங்க சொன்னா."

"எப்பங்க?"

"அன்னிக்குக் காத்தால வெதைக்கச் சொல்லிக் கூப்பிட்டாளே, அப்பத்தான்."

அந்த நாற்பது வாக்கியங்களும் எனக்கு மனப்பாடம். அவற்றில் கிழக்கு இல்லை, பாதி இல்லை, டிரம் இல்லை. இனி மறைக்கக்கூடாது என்று சொல்லிவிட்டேன்.

"அதை அனுப்புனது நானுங்ணா. மழை இல்லைன்னு தெரிஞ்சே அனுப்புனேன்."

"தெரியுமுங்க," என்றார் அவர், மாட்டுக்குத் தண்ணீர் வைத்தபடி. "அதையுந்தான் சொன்னா. அம்மணி அவசரப்பட்டுப்போட்டா, இங்க வந்தா வையாதீங்கன்னு."

திரும்பி வந்து அழைப்புப் பதிவேட்டைப் பார்த்தேன். எங்கள் அழைப்பு அரை நிமிடத்துக்கு மேல் ஓடாது. அன்று அவர் எண்ணுக்கு நேராக நான்கு நிமிடம் என்று இருந்தது. லைன் கோளாறாக இருக்கலாம்.

சோதனை அழைப்பு இன்றைக்கும் காலை ஆறு மணிக்கு வந்தது. "வெச்சரட்டுங்களா?" என்றார் அக்கா. நான் செரிங்க என்று சொல்லவில்லை. என்னை ஒரு வார்த்தை திட்டினாலும் போதும் என்று, லைன் தானாக அறுந்துபோகும்வரை போனைக் காதிலேயே வைத்திருந்தேன்.