பாதிப் பேச்சில் திருத்துகிறவர்கள்

போன திங்கட்கிழமை கால் சுளுக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரி... பேர் எதற்கு?

மருந்து கொடுக்கிற ஜன்னலில் புது நர்ஸ். நெல்லூர்ப் பெண். தெரிந்த தமிழை வைத்துக்கொண்டு தைரியமாகப் பேசுகிறாள். தெரியாத இடத்தில் தெலுங்கு வந்து விழும். விழட்டுமே. பெற்ற அப்பனையே நைனா என்று கூப்பிடுகிற ஊர்தானே இது?

பக்கத்தில் மருந்து கலக்குகிற கம்பவுண்டருக்குத்தான் பொறுக்கவில்லை. ஆந்திரா தனியாகப் பிரிந்ததிலிருந்து அவருக்குத் தமிழ்ப் பற்று முற்றிவிட்டது. அவள் வாயைத் திறந்தால் போதும் — “நொப்பி இல்லம்மா, நோவு. இன்னா தமிழ் பேசினுகீற நீ?” வரிசையே சிரிக்கும்.

எனக்கு முன்னால் முழங்கால் வலி என்று ஓர் அம்மாள். நர்ஸ் ஒரு தைலத்தை எடுத்து நீட்டினாள். மேலே தடவுகிற தைலம். உள்ளே போனால் விஷம்.

“அம்மா, இது தாக...” என்று ஆரம்பித்தாள்.

தெலுங்கில் ‘தாகு’ என்றால் குடி. கம்பவுண்டர் விடுவாரா? “தாக இல்லம்மா, குடிக்க. எங்க, சொல்லு... குடிக்க.”

கொல்லென்று சிரிப்பு. நர்ஸ் முகம் சிவந்து வாயை மூடிக்கொண்டாள்.

அந்த அம்மாளோ, “குடிக்கத்தானே? ஊட்டுக்குப் போய் குடிச்சிக்கிறேன்” என்று நடையைக் கட்டினாள்.

நர்ஸ் பின்னாலேயே ஓடினாள். வாசலில் அந்த அம்மாளின் கையைப் பிடித்து நிறுத்தி, “தாக வேணாம்மா, தாக வேணாம்” என்று தன் முழங்காலைத் தேய்த்துத் தேய்த்துக் காட்டினாள். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

திரும்பி வந்து கம்பவுண்டரிடம் சொன்னாள்: “அண்ணா, தப்பு இருந்தா செப்புங்க. நூறு செப்புங்க. நான் முடிச்ச அப்புறம் செப்புங்க. இவங்க முன்னால வேணாம்.”



மொழி கற்றுக்கொள்கிறவர்கள் கேட்பது இவ்வளவுதான். திருத்தாதே என்று சொல்லவில்லை — கூட்டத்தில் வைத்துத் திருத்தாதே, பாதியில் வெட்டாதே என்கிறார்கள். நமக்கோ ஒரு தப்பைக் கேட்டால் வாய் அரிக்கிறது. அது சொல்லிக்கொடுக்கிற ஆசையா, நம் கெட்டிக்காரத்தனத்தைக் காட்டுகிற ஆசையா?

தமிழில் ‘வேண்டாம்’ என்ற சொல் கடைசியில்தான் வரும். அதுவரை பொறுக்க முடியாதவர்கள் யாருக்கும் தமிழ் சொல்லிக்கொடுக்க... வேண்டாம்.